எல்லைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் என்றொரு கவுண்டி இருக்கிறது. ரிச்மண்ட் நகரத்திலிருந்து தென்மேற்கே காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். வழி நெடுகப் பைன் காடு, புல்வெளி, ஒருபக்கமாகச் சாய்ந்துபோன பழைய மரக் கொட்டகைகள். கவுண்டி முழுவதையும் சேர்த்தாலும் மக்கள்தொகை சுமார் 22,000தான். அதன் தலைமையிடம் ஃபார்ம்வில் என்ற சிற்றூர். என் கணவருக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வேலை கிடைத்து அங்கே குடிபோனோம். மகள் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய வயது.

பாத்திரம் பண்டங்களை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து அடுக்குவதற்குள் பள்ளிக்கூட யோசனைகள் வந்துவிட்டன. கணவரோடு வேலை பார்ப்பவரின் மனைவி ஒரு மாலையில் வந்து வாசல் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஊருக்குள்ளேயே ஃபுக்குவா பள்ளி இருக்கிறது, நல்ல பள்ளி, கட்டணம் உண்டு. தேவாலயங்களை ஒட்டிய சின்னப் பள்ளிகள் அக்கம்பக்கத்துக் கவுண்டிகளில் உண்டு. லிஞ்ச்பர்க் நகரத்துக்குத் தினமும் கொண்டுபோய் விட முடியுமென்றால் இன்னும் சில. பிள்ளை வளர்ந்த பிறகு விடுதிப் பள்ளிகள், அவற்றுக்கு வர்ஜீனியா பேர்போனது. இதெல்லாம் வேண்டாம் என்றால் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம். அவருடைய பிள்ளைகள் அப்படித்தான் படித்தார்கள். ஆகஸ்ட் 15க்குள் கவுண்டிக் கல்வி அதிகாரிக்கு எழுதித் தெரிவித்துவிட்டு, அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 1க்குள் பிள்ளை முன்னேறியிருக்கிறது என்று ஒரு சான்று கொடுத்தால் போதும். தாயோ தகப்பனோ பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருந்தாலே அனுமதி உண்டு.

ஒருநாள் அவர் வீட்டுச் சமையலறையில் அந்தப் படிப்பைப் பார்த்தேன். மேசையின் ஒரு மூலையில் மக்காச்சோள மாவை அரைக்கோப்பை, கால்கோப்பை என்று அளந்து கொட்டிப் பின்னம் படித்துக்கொண்டிருந்தான் சின்னவன். பெரியவள் குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குள் இருந்த முட்டைகளை விளக்கொளியில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். கற்றுக்கொடுப்பதில் அந்தப் பெண்மணி காட்டிய அக்கறைக்கு எந்தப் பள்ளிக்கூடமும் ஈடாகாது என்றே அன்று நினைத்தேன். இன்றும் அந்த எண்ணம் மாறவில்லை.

திண்ணையில் சொன்ன யோசனைகளில் ஒன்று மட்டும் கடைசியில், எழுந்து கிளம்பும்போது வந்தது. பப்ளிக் ஸ்கூலும் இருக்கிறது என்றார். கவுண்டி முழுமைக்கும் ஒரு தொடக்கப்பள்ளி, ஒரு நடுநிலைப்பள்ளி, ஒரு உயர்நிலைப்பள்ளி, மூன்றும் ஒரே வளாகத்தில். வாசலுக்கே மஞ்சள் பேருந்து வரும், காசு கிடையாது. எனக்கு அப்போது கார் ஓட்டத் தெரியாது. தனியார் பள்ளி என்றால் பெரும்பாலும் பெற்றோர்தான் கொண்டுபோய் விட வேண்டும். கிராமத்துப் பக்கம் எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்ற கேள்விக்கு முன்னால் எது போய்வரும் தூரத்தில் இருக்கிறது என்ற கேள்வி வந்து நிற்கும். இது வர்ஜீனியாவுக்கும் பொருந்தும், நான் பிறந்த வேடசந்தூர்ப் பக்கத்துக்கும் பொருந்தும்.

ஃபார்ம்வில்லில் பழைய புகையிலைக் கிடங்குகளை மரச்சாமான் கடைகளாக மாற்றியிருக்கிறார்கள். சோபா வாங்கப் போன இடத்தில், செங்கல் சுவரோரம் நின்றபோது, எனக்கு எங்கள் மாமா வீட்டுத் தாழ்வாரம் ஞாபகம் வந்துவிட்டது. சுவரில் உண்மையிலேயே வாசம் மிச்சமிருந்ததா, அல்லது அது புகையிலைக் கிடங்கு என்று கேள்விப்பட்டதால் எனக்கே தோன்றியதா, சொல்லத் தெரியவில்லை. மாமா மெல்லும் புகையிலை போட்டிருந்தார். கொழுந்து கிள்ளப் போனால் பால் பிசின் மாதிரி விரலெல்லாம் ஒட்டிக் கறுத்துவிடும். புளி போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. காய்ந்த இலையைத் தாழ்வாரத்தில் அம்பாரமாகக் குவித்துத் திருப்பித் திருப்பிப் போடுவார்கள். அந்தக் காட்டில் அறுப்பு நாட்களில் இலை சுமந்த பெண்களின் பிள்ளைகளும் நானும் ஒரே பள்ளிக்கூடம். பஞ்சாயத்து யூனியன் தொடக்கப் பள்ளி, இரண்டு வாத்தியார், ஓட்டுக் கூரை, முன்னால் ஒரு வேப்பமரம். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது எனக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. மணி அடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடியது நன்றாக நினைவிருக்கிறது. சோறு சூடாக இருக்கும். சாம்பாரில் காயைத் தேட வேண்டியிருக்கும், ஆனால் வயிறு நிறையும். எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் காலனியிலிருந்து வருபவள். என்னைவிட வேகமாக வாய்ப்பாடு சொல்வாள். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை அவளிடம்தான் கற்றேன்.

மூன்றாம் வகுப்புக்கு என்னை டவுனில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்த்தார் அப்பா. காலையில் மாரியம்மன் கோயில் முன்னால் மெட்டாடோர் வேன் வந்து நிற்கும். முதல் வருடம் எங்கள் ஊரிலிருந்து அதில் ஏறியது நாலைந்து பேர். எல்லாரும் ஊர்த்தெருப் பிள்ளைகள். அடுத்த வருடம் வேனில் உட்கார இடமில்லை. யூனியன் பள்ளியில் ஊர்த்தெருப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகக் குறைந்து, கடைசியில் காலனிப் பிள்ளைகள் மட்டும் மிஞ்சினார்கள். யாரும் யாரையும் விரட்டவில்லை, எந்த உத்தரவும் போடவில்லை. ஒவ்வொரு வீடும் தன் பிள்ளையின் நல்லதை மட்டும் நினைத்து எடுத்த முடிவு அது. என் பக்கத்தில் உட்கார்ந்தவள் எட்டாம் வகுப்போடு நின்று பிறகு நூல்மில்லுக்குப் போனாள். மில்லுக்கு ஆள் ஏற்றும் வேனும் எங்கள் வேனும் சில காலை நேரங்களில் ஒரே இடத்தில் நிற்கும். அவள் ஜன்னல் வழியே கையாட்டுவாள். நானும் ஆட்டுவேன்.

பிரின்ஸ் எட்வர்டில் நடந்தது இவ்வளவு சத்தமில்லாமல் நடக்கவில்லை. அந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா. கறுப்பினப் பெண்மணி, முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு நடையில், பேரப்பிள்ளைகளின் படங்களுக்கு நடுவே, சட்டம் போட்டு ஒரு கௌரவப் பள்ளிச் சான்றிதழ் மாட்டியிருந்தது. அதில் 2003 என்று இருந்தது. அப்போது அவர் ஐம்பதைத் தாண்டியவர். இந்த வயதில் என்ன சான்றிதழ் என்று கேட்டேன். உட்கார் என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனார்.

1951இல் ஃபார்ம்வில்லில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று மோட்டன் உயர்நிலைப்பள்ளி இருந்தது. 180 பேருக்கென்று கட்டிய இடத்தில் 450க்கு மேல் நெருக்கியடித்தார்கள். இடம் போதாமல் வெளியே பலகையடித்துத் தார்க் காகிதம் ஒட்டிய கொட்டகைகள் போட்டிருந்தார்கள். மழை பெய்தால் உள்ளே குடை பிடித்துக்கொண்டு பாடம். அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு வேர்க்கும், ஓரத்தில் இருப்பவன் கோட்டைக் கழற்ற மாட்டான். பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண் அந்த ஏப்ரல் 23ஆம் தேதி, தலைமையாசிரியரை ஒரு பொய்த் தொலைபேசி அழைப்பால் வெளியே போகவைத்துவிட்டு, அவர் கூப்பிடுவதாகச் சீட்டு அனுப்பி எல்லா மாணவர்களையும் அரங்கத்துக்கு வரவழைத்தாள். காலணியைக் கழற்றி மேசையில் ஓங்கித் தட்டி அமைதிப்படுத்திவிட்டுப் பேசினாள். மொத்தப் பள்ளியும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. பிள்ளைகள் முதலில் கேட்டது நல்ல கட்டடம். ரிச்மண்டிலிருந்து வந்த வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும், பிரித்து வைப்பதையே எதிர்ப்பதானால் வழக்காடுகிறோம் என்றார்கள். பெற்றோர் ஒப்புக்கொண்டார்கள். பிரவுன் வழக்கு என்று உலகம் அறிந்ததில் அடங்கிய ஐந்து வழக்குகளில் இந்தக் கவுண்டியின் வழக்கும் ஒன்று. மாணவர்களே தொடங்கிவைத்தது இது ஒன்றுதான். 1954 மே 17 அன்று, இனவாரியாகப் பள்ளியைப் பிரிப்பது செல்லாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

தீர்ப்பு வந்துவிட்டால் பள்ளி திறந்துவிடுமா? கவுண்டி ஆட்கள் ஐந்து வருடம் இழுத்தடித்தார்கள். 1959இல், இனித் தாமதிக்க முடியாது, செப்டம்பரில் சேர்த்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதும் கவுண்டி மேற்பார்வைக் குழு பள்ளிகளுக்கு ஒரு டாலரும் ஒதுக்க மறுத்துவிட்டது. ஒரு பள்ளி இரண்டு பள்ளி என்றில்லாமல் அத்தனை பொதுப்பள்ளிகளும் பூட்டப்பட்டன. பூட்டிய பள்ளிகள் ஐந்து வருடம் பூட்டியே கிடந்தன.

வெள்ளையர் பிள்ளைகளுக்கு அந்த செப்டம்பரிலேயே தனியார் பள்ளி தயாராகிவிட்டது. பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி என்று பெயர். தேவாலயங்களிலும் கிளப் கட்டடங்களிலும் வகுப்புகள் நடந்தன. பொதுப்பள்ளியில் இருந்த வெள்ளை ஆசிரியர்கள் ஏறக்குறைய எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். வெளியே நின்ற கறுப்பினப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,700 பேர். பக்கத்து வீட்டு அம்மா அவர்களில் ஒருவர். மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டிய எட்டு வயதுச் சிறுமி.

அந்த அம்மா சொன்னதில் என்னை அதிகம் யோசிக்க வைத்த ஒன்று உண்டு. அந்த ஆண்டு முடிவதற்குள், கறுப்பினப் பிள்ளைகளுக்கும் ஒரு தனியார் பள்ளி நடத்தித் தருகிறோம் என்று வெள்ளைத் தலைவர்கள் ஒரு நிறுவனம் தொடங்கி விண்ணப்பம் கேட்டார்கள். பிள்ளைகள் சும்மா கிடக்கிற நேரம். கையெழுத்துப் போட்டால் ஏதோ ஒரு வகுப்பறை கிடைத்துவிடும். வந்த விண்ணப்பம் ஒன்றே ஒன்று. மற்ற அத்தனை வீடுகளும் மறுத்துவிட்டன. அதை ஏற்றுக்கொண்டால் கவுண்டிக்குப் பொதுப்பள்ளி தேவையில்லை என்று தாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும், வழக்கு செத்துப்போகும். என்ன தைரியம் வேண்டும் அதற்கு! என் பிள்ளை ஒரு வருடம் படிக்காமல் போனாலும் பரவாயில்லை, பள்ளிக்கூடம் எல்லாருக்கும் திறக்கட்டும் என்று ஒரு தாய் சொல்வதை நினைத்துப் பாருங்கள். ஒரு வருடம் என்று நினைத்துச் சொன்னது நான்கு வருடமாக நீண்டது. அந்தத் தாய்களுக்குக் கோபமும் குற்றவுணர்வும் கடைசிவரை இருந்தன என்றார் பக்கத்து வீட்டு அம்மா. தன் தாயைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

தேவாலயத்தின் நிலவறையில் பெண்கள் சிலர் பிள்ளைகளைச் சேர்த்து எழுத்தும் கணக்கும் பாட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். அதைப் பள்ளிக்கூடம் என்று சொல்லக் கூடாது என்று கட்டுப்பாடு. சொன்னால், இவர்களுக்குத்தான் பள்ளி இருக்கிறதே என்று எதிர்த்தரப்பு வாதாடும். ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர் ஃபிரான்சிஸ் கிரிஃபின்தான் எல்லாவற்றுக்கும் முன்நின்றவர். மேல்வகுப்புப் பிள்ளைகள் சிலரை வட கரோலினாவில் உள்ள கிட்ரல் கல்லூரிக்கு அனுப்பினார்கள். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், சிலரை வெளிமாநிலங்களில் குடும்பங்களோடு தங்கிப் படிக்கவைக்க ஏற்பாடு செய்தார்கள். இந்த அம்மாவின் அண்ணன் அப்படிப் போனவர். பிறகு ஊர் திரும்பிக் குடியிருக்கவே இல்லை. அந்த அம்மாவை இரண்டாம் வருடம் கவுண்டி எல்லைக்கு அந்தப் பக்கம், அப்பமாட்டக்ஸ் கவுண்டியில் இருந்த உறவுக்கார வீட்டில் விட்டார்கள். யாராவது கேட்டால் இதுதான் என் வீடு என்று சொல்லச் சொல்லிப் பழக்கினார்கள். சில பிள்ளைகள் ராத்திரி தங்குவது இங்கே, விடியும் முன் எல்லையைத் தாண்டிப் போய் அந்தக் கவுண்டிப் பேருந்துக்கு நிற்பது. பக்கத்துக் கவுண்டிப் பள்ளியும் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியாக இருந்ததுதான். ஆனாலும் திறந்திருந்தது.

ஒரு கோடையில் அப்பா எங்களோடு இருக்க வந்திருந்தார். காலையில் ஒரு நடை, பிறகு திண்ணையில் உட்கார்ந்து சாலையைப் பார்ப்பது, அவ்வளவுதான் அவருக்கு. போரடிக்கிறது என்று ஒருநாள் சொல்ல, மோட்டன் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். அந்தக் கட்டடமே இன்று அருங்காட்சியகம். பார்பரா ஜான்ஸ் பேசிய அரங்கத்தில் உட்காரலாம். நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சரி கண்ணு, அந்த வெள்ளைக்காரப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குக் காசு யாரு குடுத்தா?”

கணக்கப்பிள்ளை வேலை பார்த்தவர், அப்படித்தான் கேட்பார். முதல் வருடம் நன்கொடையில் ஓடியது. இரண்டாம் வருடம் கட்டணம் வைத்தார்கள். அதில் பெரும்பகுதியை மாநிலமும் கவுண்டியும் கல்வி மானியம் என்ற பெயரில் பெற்றோருக்குக் கொடுத்தன. நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கவுண்டி வரியில் கழிவும் உண்டு. 1961இல் ஒரு கூட்டரசு நீதிபதி, பொதுப்பள்ளிகள் மூடியிருக்கும்வரை இந்த மானியம் கூடாது என்று நிறுத்தினார். அதன் பிறகு கட்டணம் கட்ட முடியாத ஏழை வெள்ளையர் பிள்ளைகளும் சிலர் வீட்டில்தான் இருந்தார்கள்.

“அப்ப ஊர்ப் பணம்தான்” என்றார் அப்பா. பொதுப்பள்ளிக்கு இல்லை என்று சொன்ன அதே பணம்.

எந்த வருசத்திலிருந்து எந்த வருசம்வரை பூட்டியிருந்தது என்று திரும்பக் கேட்டார். 1959 முதல் 1964 என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்பா 1951இல் பிறந்தவர். அவர் தாய் தகப்பன் கைநாட்டு. 1954இல் காமராஜர் முதலமைச்சராகி, ராஜாஜியின் அரைநாள் பள்ளித் திட்டத்தைக் கைவிட்டு, மூடிய பள்ளிகளைத் திறந்து, புதுப் பள்ளிகளையும் கட்டி, 1956இல் மதிய உணவும் போடத் தொடங்கியதால் படித்தவர். 1961 முதல் அந்த மதிய உணவுக்கு அமெரிக்காவின் கேர் அமைப்பு பால் பவுடரும் மக்காச்சோள மாவும் எண்ணெயும் அனுப்பிற்று. மஞ்சள் உப்புமா, கரைத்த பால் என்று அப்பா எங்களுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். பாலைக் கரைக்கிறபோது கட்டி தட்டாமல் இருக்க முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் குழைக்க வேண்டும், அந்த வேலைக்கு வாத்தியார் தன்னைத்தான் கூப்பிடுவார் என்பதில் அவருக்குப் பெருமை.

“நான் அமெரிக்காக்காரன் பாலைக் குடிச்சுப் படிச்சிருக்கேன். அதே வருசம் அவன் ஊர்ல என் வயசுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே இல்லையா?”

அன்று சாயங்காலம் அவரே பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். ஒரே வயதுக்காரர்கள் இருவரும். நடுவில் நான். அப்பா மஞ்சள் உப்புமாவைப் பற்றிச் சொல்ல, அந்த அம்மா அதே மக்காச்சோள மாவில் தன் தாய் சுட்ட ரொட்டியைப் பற்றிச் சொன்னார். 1963 செப்டம்பரில் கென்னடி அரசின் முயற்சியாலும் நன்கொடைகளாலும் இலவசப் பள்ளிகள் ஓராண்டுக்குத் திறந்தபோது, தன்னைப் போலப் பிந்தியவர்களை வயதுக்கேற்ற வகுப்பில் போட முடியாமல், தெரிந்த அளவை வைத்துக் குழு பிரித்து உட்காரவைத்ததைச் சொன்னார். ஏழு வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் சேர்ந்து எழுத்துக் கூட்டிய வகுப்புகளும் இருந்தன. அதற்கு முன்பே இராபர்ட் கென்னடி ஒரு கூட்டத்தில், உலகிலேயே இலவசப் பொதுக்கல்வி இல்லாத இடங்களை அடுக்கியபோது இந்தக் கவுண்டியின் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருந்தார். 1964 மே மாதம் கிரிஃபின் பெயரிலேயே வந்த வழக்கில் உச்சநீதிமன்றம் கவுண்டியின் செயலை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்றது. அந்த செப்டம்பரில் பொதுப்பள்ளிகள் திறந்தன. திரும்பி வந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் கறுப்பினப் பிள்ளைகள். வெள்ளையர் பிள்ளைகள் அகாடமியிலேயே இருந்துவிட்டார்கள். பல வருடங்கள் அப்படித்தான். வரிவிலக்கைப் பறிகொடுத்த பிறகு, 1980களின் நடுவில்தான் அகாடமியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது.

அந்த அகாடமிதான் இன்றைய ஃபுக்குவா பள்ளி. 1990களின் தொடக்கத்தில் நொடித்துப்போகும் நிலையில் இருந்ததை ஜே. பி. ஃபுக்குவா என்ற தொழிலதிபர் 10 மில்லியன் டாலர் கொடுத்து நிமிர்த்தினார். பள்ளியை எல்லா இனத்தாருக்கும் திறந்த நல்ல கிராமப்புறப் பள்ளியாக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். இவர் இதே கவுண்டியில் தாத்தா பாட்டியின் புகையிலைப் பண்ணையில் வளர்ந்தவர். கல்லூரிக்குப் போகாதவர். டியூக் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து தபாலில் புத்தகம் வரவழைத்து, படித்துத் திருப்பி அனுப்பி, அப்படியே வணிகம் கற்றவர். பின்னாளில் டியூக்கின் வணிகப் பள்ளிக்கே அவர் பெயரை வைத்தார்கள். இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். எந்தப் பள்ளியும் தராததைத் தபாலில் வந்த பொதுப் புத்தகங்கள் ஒரு பண்ணைப் பையனுக்குத் தந்திருக்கின்றன. இன்று அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் மீதோ அனுப்பும் பெற்றோர் மீதோ 1959ஐச் சுமத்துவது நியாயமில்லை. என் மகளின் நீச்சல் தோழிகளில் இருவர் அங்கே படித்தார்கள்.

ஆனாலும் திண்ணையில் அந்த மாலை எனக்குச் சொன்ன யோசனைகளில் பொதுப்பள்ளி ஏன் கடைசியில் வந்தது என்பது இந்தக் கதைக்குப் பிறகுதான் விளங்கியது. சொன்னவர் நல்லவர், வெளியூரிலிருந்து வந்தவர், யார் மனதையும் நோகடிக்க நினைக்காதவர். ஊரில் எல்லாரும் எந்த வரிசையில் சொல்கிறார்களோ அதே வரிசையில் அவரும் சொன்னார். பெரிய நகரத்தில் ஒரு குடும்பம் தனியார் பள்ளிக்குப் போனால் அரசுப் பள்ளியில் அது தெரியவே தெரியாது. ஒரே ஒரு பொதுப்பள்ளி இருக்கும் ஊரில், எடுத்துக் கேட்கத் தெரிந்த நாலு குடும்பங்கள் விலகினாலே அங்கே கூரை ஒழுகினால் அதிகாரியிடம் போய்ப் பேச ஆளிருக்காது. வர்ஜீனியாவில் இப்போது, வசதி குறைந்த பிள்ளைகளின் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு நன்கொடை தருவோருக்கு அதில் 65 விழுக்காட்டை மாநில வரியில் கழிக்கிறார்கள். நம்மூரில் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி அரசு பணம் கட்டுகிறது. இரண்டுமே ஏழைப் பிள்ளையை நினைத்துச் செய்தவைதான்; பயனடைந்த பிள்ளைகளை நான் அறிவேன். அப்பா கேட்ட கேள்வியை மட்டும் இரண்டு இடத்திலும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்: போகிற பணம் யாருடையது, போன பிறகு மிச்சமிருக்கிற பள்ளிக்கூடத்துக்கு என்ன ஆகிறது?

மகள் மஞ்சள் பேருந்தில்தான் போனாள். பேருந்து நின்று சிவப்பு விளக்கு எரிந்தால் இரண்டு பக்கமும் வண்டிகள் அசையாமல் நிற்கும். மரம் ஏற்றிய லாரிகூட நிற்கும். ஒரு குழந்தை சாலையைக் கடப்பதற்காக ஒரு சாலையே நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டு அம்மா கை வேலையை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்துவிடுவார். 1959க்குப் பிறகு அந்தப் பேருந்துகள் ஓடாமல் நின்றிருந்த வருடங்களை அறிந்தவர் அவர். மகளுக்குப் பள்ளியில் நல்ல ஆசிரியர்களும் கிடைத்தார்கள், சுமாரானவர்களும் கிடைத்தார்கள். இரண்டு இனப் பிள்ளைகளும் ஒன்றாக மேளம் வாசித்த பள்ளி வாத்தியக் குழுவில் அவள் கிளாரினெட் வாசித்தாள். 2004இல் வர்ஜீனியா சட்டமன்றம், பள்ளி பூட்டியதால் படிப்பை இழந்தவர்கள் எந்த வயதிலும் படிக்க உதவித்தொகை ஒதுக்கியது. அதற்காக எழுதியும் அலைந்தும் பாடுபட்டவர் உள்ளூர்ப் பத்திரிகையான ஃபார்ம்வில் ஹெரால்டின் அன்றைய ஆசிரியர் கென் உட்லி. முன்பு பள்ளி மூடலை ஆதரித்து எழுதியதும் அதே பத்திரிகைதான். பக்கத்து வீட்டு அம்மா விண்ணப்பிக்கவில்லை. மூட்டுவலியோடு எந்த வகுப்பில் போய் உட்கார என்று சொல்லிவிட்டார். அவருடைய சித்தி மகள் விண்ணப்பித்துப் பட்டம் வாங்கினார்.

அப்பா ஊர் திரும்பிய பிறகு நாங்கள் தொலைபேசியில் சண்டை போட்டிருக்கிறோம். என்னை ஏன் வேனில் ஏற்றினீர்கள் என்று நான் கேட்டதில்லை. யூனியன் பள்ளியை ஏன் எல்லாரும் ஒரேயடியாக விட்டீர்கள் என்று கேட்டேன். “நீ வேன்ல போனதால இங்கிலீஷ் வந்துச்சு, இங்கிலீஷ் வந்ததால இன்னைக்கு அங்க இருக்க. காமராஜர் பள்ளிக்கூடத்துல படிச்ச எனக்குத் தெரியாதா அந்தப் பள்ளிக்கூடத்தோட அருமை? ரெண்டு வாத்தியாரை வச்சுக்கிட்டு அஞ்சு வகுப்பு. நான் என்ன பண்ணட்டும்?” என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் என்ன பண்ணியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்: ஊர்த்தெருவில் இருந்த அத்தனை கணக்கப்பிள்ளைகளும் கடைக்காரர்களும் மிராசுகளும் வேனுக்குக் கொடுத்த காசையும் நேரத்தையும் சேர்த்து மூன்றாவது வாத்தியார் வேண்டும் என்று நின்றிருக்கலாம். அப்பா, “நிக்க மாட்டாங்க கண்ணு. காலனிப் பிள்ளையும் சேர்ந்து படிக்கும்ல” என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். எங்கள் ஊரில் அதை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவர்.

இப்போது எங்கள் ஊருக்கு மூன்று தனியார் பள்ளி வேன்கள் வருகின்றன. காலனியிலும் கடன் வாங்கியாவது பிள்ளையை வேனில் ஏற்றுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. யூனியன் பள்ளியில் பிள்ளைகள் இருபதுக்கும் குறைவு. என் சித்தப்பா மகனின் மனைவி, அங்கே இரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் தாய், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. ராத்திரி வேலையெல்லாம் முடித்துவிட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் பேசுவாள். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு பிள்ளைகள் நேரத்துக்கு வருகிறார்களாம், உப்புமா கிழமையில் மட்டும் முகம் சுளிக்கிறார்களாம். பெற்றோர் கேட்பது இரண்டே விஷயம் என்கிறாள்: பிள்ளை இங்கிலீஷ் வாசிக்க வேண்டும், வண்டி வேண்டும். தோட்டத்து வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் நடந்து வர முடியாததால்தான் வேனுக்குப் போகிறார்கள்.

போன வாரம் பேசியபோது ஒரு ஷேர் ஆட்டோக்காரரிடம் பேசி வைத்திருந்தாள். “காலையில ஒரு ட்ரிப், சாயங்காலம் ஒரு ட்ரிப். மாசத்துக்கு எவ்வளவுன்னு நாளைக்குச் சொல்றேன்னாரு. பாதி நாங்க போட்டுக்கறோம், பாதி நீங்க வெளியூர்ல இருக்கறவங்க போடுங்க அண்ணி. கிராம சபையில தீர்மானம் போட்டு மூணாவது டீச்சர் கேட்டு மனுவும் குடுக்கறோம். மாமாவை எழுதித் தரச் சொல்லுங்க, அவரு எழுதினா கலெக்டர் ஆபீஸ்ல தட்ட மாட்டாங்க.” அப்பாவிடம் சொன்னேன். பழைய மனுக்களின் நகல் எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.